மாடஸ்டிக்கு ஊர் எது? – லயன் காமிக்ஸ் முதல் இதழ் பற்றிச் சில குறிப்புகள்

போன மாதம் ஒரு சேகரிப்பாளர் நண்பர் வீட்டில் லயன் காமிக்ஸின் முதல் இதழைக் கையில் வாங்கிப் பார்த்தேன். கையைக் கழுவித் துடைத்துவிட்டு வரச் சொன்னார், கழுவினேன். பீரோவிலிருந்து பிளாஸ்டிக் உறைக்குள் இருந்ததை எடுத்தார். 'கத்தி முனையில் மாடஸ்டி', 1984 ஜூலை. பத்து பக்கம் புரட்டியதும் எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. நான் முப்பது வருஷத்துக்கு மேலாக எல்லோரிடமும் சொல்லிவந்த ஒரு கதை அந்த நிமிஷத்தில் பொய்யாகிப் போனது.

"லயன் முதல் இதழ் சின்ன வயசுல என்கிட்ட இருந்துச்சு, ஒருத்தன் வாங்கிட்டுப் போய்த் திருப்பித் தரல" என்பதுதான் அந்தக் கதை. என்னிடம் இருந்தது ஒரு மாடஸ்டி கதைதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் இந்த இதழ் இல்லை. ஒரு படம்கூட ஒத்துப்போகவில்லை. எனக்குப் பத்து பதினோரு வயதில் கிடைத்த அந்தப் புத்தகத்துக்கு அட்டையும் கிடையாது, முதல் சில பக்கங்களும் கிடையாது. பின்னால் எப்போதோ 'லயனின் முதல் இதழ் மாடஸ்டி கதை' என்று படித்ததும், என்னுடையதும் அதுதான் என்று மூளை தானாக முடிச்சுப் போட்டுவிட்டது. ஆராய்ச்சி பண்ணுகிறேன் என்று சொல்லிக்கொள்கிறவன் இந்த மாதிரி முடிச்சைத்தான் முதலில் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். சரி, இப்போதாவது அவிழ்ப்போம்.

எங்கள் ஊர் ஆரம்பாக்கம். சென்னையிலிருந்து கூடூர் போகும் ரயில் பாதையில், கும்மிடிப்பூண்டி தாண்டினால் எளாவூர், அடுத்தது நாங்கள். அதற்கும் அடுத்த ஸ்டேஷன் தடா, அது ஆந்திரா. கிழக்கே பழவேற்காடு ஏரியும் அதையொட்டிக் குப்பங்களும். என் அத்தை கருவாட்டுக் கூடையோடு பாசஞ்சர் ரயிலில் சென்னைக்குப் போய் வருகிறவர். கருவாடு மடிக்க எடைக்கு எடை பழைய பேப்பர் வாங்கி வருவார். அந்தக் கட்டில்தான் மாடஸ்டி எங்கள் வீட்டுக்கு வந்தாள். அத்தைக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது. மடிக்கிறதுக்கு முன்னால் படம் போட்ட தாளாக இருந்தால் எனக்கு எடுத்து வைப்பார். நான் படித்துக் காட்ட வேண்டும், அதுதான் ஒப்பந்தம்.

அன்றைக்கு ஏழெட்டு பக்கம் படித்திருப்பேன். ஒரு பெண், கூடவே கத்தி வீசுகிற ஓர் ஆள், எதிரிகள். அத்தை நண்டு வலையில் சிக்கு எடுத்துக்கொண்டே கேட்டார்:

"ஏண்டா, இவளுக்கு ஊர் எது?"

"லண்டன் அத்த."

"லண்டன்ல கீறா. ஊர் எதுன்னு கேட்டேன்."

என்னிடம் பதில் இல்லை. புத்தகத்திலும் இல்லை. முதல் பக்கங்கள் கிழிந்து போயிருந்ததால் அதில் இருக்குமோ என்று நினைத்தேன். அந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்க எனக்கு ஏறக்குறைய பதினைந்து வருஷம் ஆனது. அதை எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் 1984 ஜூலையைத் தொடாமல் அங்கே போக முடியாது.

தமிழில் காமிக்ஸ் என்றால் அதற்கு முன் முத்து காமிக்ஸ்தான். சிவகாசியில் சௌந்திரபாண்டியன் தொடங்கியது. 1972-இல் 'இரும்புக்கை மாயாவி'யோடு வந்தது. மாயாவியின் மூலக்கதை 1962 முதல் பிரிட்டனின் 'வேலியன்ட்' வார இதழில் வந்த 'தி ஸ்டீல் க்ளா'. முத்துவில் நமக்குப் பழகிய நாயகர்களில் பலர் இந்தப் பையன்கள் வார இதழ்களிலிருந்து வந்தவர்கள். 'பையன்கள் இதழ்' என்பதை அடிக்கோடிட்டுக் கொள்ளுங்கள். பிரிட்டனில் அந்தக் காலத்துக் காமிக்ஸ் சந்தை இரண்டாகப் பிரிந்து கிடந்தது. பையன்களுக்கு 'லயன்', 'வேலியன்ட்'. பெண்பிள்ளைகளுக்கு 'பன்டி' (1958), 'டாமி' (1971) என்று தனி. பையன்கள் இதழில் பெண் நாயகியைத் தேடினால் கிடைக்க மாட்டாள். சிவகாசிக்கு வந்தது பெரும்பாலும் பையன்கள் பக்கத்துச் சரக்கு. அதனால் நமக்குக் கிடைத்த பெண்கள் எல்லாம் ஜானி நீரோவின் ஸ்டெல்லா மாதிரி, காரியதரிசிகள். ஸ்டெல்லா சாமர்த்தியசாலி, சந்தேகமில்லை. ஆனால் அட்டையில் ஜானி நீரோதான்.

1984-இல் சௌந்திரபாண்டியனின் மகன் எஸ். விஜயன், இருபது வயதுகூட ஆகாத இளைஞர், தனியாக ஓர் இதழ் தொடங்குகிறார். பெயர் லயன். முதல் இதழுக்கு அவர் தேர்ந்தெடுத்தது மாடஸ்டி ப்ளைசி. மூலத்தில் உச்சரிப்பு 'ப்ளேஸ்' தான், தமிழில் பலரும் ப்ளைசி என்றே சொல்லிப் பழகிவிட்டோம், நானும் விடப் போவதில்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அதே 1984 ஜூலையில்தான் தினத்தந்தி குழுமத்தின் ராணி காமிக்ஸும் ஆரம்பமானது. அதன் முதல் இதழ் ஜேம்ஸ்பாண்ட் கதை, பெயர் 'அழகியைத் தேடி'. இரண்டு தலைப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்றில் ஆண் தேடிப் போகிறான், பெண் தேடப்படுகிற பொருள். இன்னொன்றில் கத்தி முனையில் நிற்பதே அவள், பெயரோடு நிற்கிறாள். ஒரே மாதம், ஒரே பெட்டிக்கடைக் கயிற்றில் இரண்டும் தொங்கியிருக்கும்.

இன்னொரு சுவாரசியம், இரண்டுக்கும் பின்னால் பீட்டர் ஓ'டோனல் என்கிற ஒரே மனிதரின் நிழல் விழுகிறது. 1960-இல் லண்டன் 'டெய்லி எக்ஸ்பிரஸ்' நாளிதழில் ஜேம்ஸ்பாண்டின் 'டாக்டர் நோ' நாவலைப் படத்தொடராக மாற்றி எழுதியவர் அவர். மூன்று வருஷம் கழித்து அவர் சொந்தமாக உருவாக்கியதுதான் மாடஸ்டி. அதையும் எக்ஸ்பிரஸுக்காகத்தான் திட்டமிட்டார்கள். ஒரு குற்றக் கூட்டத்தின் முன்னாள் தலைவி கதாநாயகியா என்று அவர்கள் தயங்கி விட்டுவிட, 1963 மே 13 அன்று 'ஈவ்னிங் ஸ்டாண்டர்ட்' மாலை நாளிதழில் தொடங்கியது. ஓவியர் ஜிம் ஹோல்டவே. 1970-இல் அவர் இறந்ததும் ஸ்பெயின்காரர் ரொமேரோ வந்தார், நடுவில் வேறு சிலர், பிறகு மறுபடி ரொமேரோ. 2001 வரை ஓடியது. கதை முழுக்க ஓ'டோனல் ஒருவரே எழுதினார். முப்பத்தெட்டு வருஷம் ஒரே கை.

மாடஸ்டி ஏன் தமிழுக்கு நாயகியாகவே வந்து சேர முடிந்தது என்பதற்கு என் விடை இந்த இடத்தில்தான் இருக்கிறது. அவள் பையன்கள் வார இதழ் வழியாக வரவில்லை. ஆபீஸ் முடிந்து ரயிலில் போகிற பெரியவர்கள் படிக்கிற மாலைப் பத்திரிகை வழியாக வந்தாள். அங்கே அவளை ஒரு ஆணுக்குப் பின்னால் நிறுத்த வேண்டிய கட்டாயம் இல்லை. கூட இருக்கிற வில்லி கார்வின்தான் அவளுக்குப் பின்னால் நிற்கிறான், அவளுடைய பழைய கூட்டத்தில் வேலை பார்த்தவன். இருவருக்கும் காதல் கிடையாது என்பதில் ஓ'டோனல் கடைசிவரை பிடிவாதமாக இருந்தார். கார்வின் அவளைக் கூப்பிடுவது 'பிரின்சஸ்' என்று. தமிழில் அது 'இளவரசி'. லயன் வாசகர்களுக்கு இன்றைக்கும் மாடஸ்டி என்றால் இளவரசிதான்.

சூப்பர் ஹீரோயின் என்று சொல்லலாமா என்று கேட்பவர்கள் உண்டு. பறக்க மாட்டாள், குண்டு பாய்ந்தால் ரத்தம் வரும். அந்தக் கணக்கில் அவள் சூப்பர் இல்லை. அமெரிக்காவில் அசல் சூப்பர் பெண்களின் கதியைப் பாருங்கள். வொண்டர் வுமனுக்குச் சீக்கிரமே, 1942 கோடையில், சொந்தப் பெயரில் முதல் இதழ் கிடைத்துவிட்டது. ஆனால் 1959-இல் அறிமுகமான சூப்பர்கேர்ளுக்குச் சொந்தப் பத்திரிகை கிடைக்க 1972 ஆனது. பதின்மூன்று வருஷம் அண்ணன் வீட்டுத் திண்ணையில் காத்திருந்தாள் (முறைப்படி சூப்பர்மேன் அவளுக்குப் பெரியப்பா, சித்தப்பா வழி அண்ணன்தான்). தமிழில் ஒரு புது இதழே பெண்ணை முன்னால் நிறுத்திப் பிறந்தது என்றால் அது சின்ன விஷயமா?

ஆனால் லயனுக்குப் பெரும் பெயர் வாங்கிக் கொடுத்தவர்கள் அடுத்து வந்த ஸ்பைடரும் இரும்பு மனிதன் ஆர்ச்சியும்தான். என் வகுப்பில் ஸ்பைடருக்குக் கோஷ்டி இருந்தது, மாடஸ்டிக்கு நான் ஒருத்தன். ஸ்பைடர் கதைகளில் பெரும்பாலானவற்றை எழுதியவர் ஜெர்ரி சீகல், சூப்பர்மேனைப் படைத்த இருவரில் ஒருவர். நம்மூர்ப் பையன்கள் பெட்டிக்கடையில் காசு கொடுத்து வாங்கியது யாருடைய எழுத்து என்று யாருக்கும் தெரியாது. இது தனிக் கட்டுரைக்கான விஷயம், இன்னொரு நாள்.

அத்தையின் கேள்விக்கு வருகிறேன்.

பி.இ. படிக்கச் சென்னைக்கு வந்ததும் அல்லிக்குளம் பழைய புத்தகக் கடைகளில் மாடஸ்டி தேடினேன். தமிழ்ப் புத்தகம் ஒன்றிரண்டு கிடைத்தது, ஊர் கிடைக்கவில்லை. வேலைக்குப் போய்ச் சம்பளம் வாங்க ஆரம்பித்த பிறகு, லண்டன் டைட்டன் புக்ஸ் 2004-இல் இருந்து ஆரம்பக் கதைகளை வரிசையாக மறுபதிப்புச் செய்ய, முதல் தொகுதியை வெளிநாடு போன சக ஊழியரிடம் சொல்லி வாங்கினேன். 1963-இன் முதல் கதையான 'லா மெஷின்' அதில் இருக்கிறது. ஆவலோடு திறந்தால், அங்கேயும் ஊர் இல்லை! பிரிட்டிஷ் உளவுத்துறையின் சர் ஜெரால்ட் டாரன்ட் அவளைத் தேடி வருகிறார், அவள் ஏற்கெனவே பணக்காரி, ஓய்வு பெற்றவள். லண்டன் வாசகனும் எங்கள் அத்தை மாதிரி நடுவில்தான் உள்ளே நுழைந்திருக்கிறான். எனக்குக் கிழிந்த பக்கங்கள், அவனுக்கு எழுதப்படாத பக்கங்கள்.

முன்கதை பின்னால்தான் வந்தது. வேறு பத்திரிகைகள் தொடரை நடுவில் வாங்கிப் போட ஆரம்பித்தபோது, புது வாசகர்களுக்காக 'இன் தி பிகினிங்' என்று ஒரு சின்ன முன்கதை எழுதிச் சேர்த்தார்கள். எங்கள் தொழில் பாஷையில் சொன்னால், வெர்ஷன் ஒன்று ரிலீஸ் ஆகி ரொம்ப நாள் கழித்து வெர்ஷன் பூஜ்ஜியம் ரிலீஸ் ஆன மாதிரி.

அதில்தான் பதில் இருந்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்த சமயம், கிரேக்க நாட்டில் அகதிகள் முகாமில் ஒரு சிறுமி. பெயர் தெரியாது, பெற்றோர் தெரியாது, தேசம் தெரியாது. முகாமிலிருந்து தப்பித்து மத்தியக் கிழக்கு முழுக்க நடந்து திரிகிறாள். வழியில் இன்னொரு அகதி, லோப் என்கிற படித்த கிழவர். அவருக்குச் சாப்பாடு தேடிக் கொடுத்து, அடிக்க வருகிறவர்களிடமிருந்து காப்பாற்றுவது அவள் வேலை. எழுத்தும் மொழிகளும் சொல்லிக் கொடுப்பது அவர் வேலை. 'மாடஸ்டி' அவர் வைத்த பெயர். 'ப்ளைசி' அவளே எடுத்துக்கொண்டது, ஆர்தர் அரசன் கதையில் வரும் மந்திரவாதி மெர்லினின் குருவுடைய பெயர். கிழவர் இறந்ததும் டாஞ்சியர் நகரத்துக்குப் போய்ச் சேர்கிறாள். மீதியெல்லாம் அதற்குப் பிறகு. பிரிட்டிஷ் குடியுரிமையைக்கூட ஓர் ஆங்கிலேயரை மணந்துதான் வாங்கினாள்.

ஓ'டோனல் இதைக் காற்றிலிருந்து பிடிக்கவில்லை. 1942-இல் அவர் ராணுவத்தின் கம்பியில்லாத் தந்திப் பிரிவில் பாரசீகத்தின் வடக்கே இருந்தபோது, பன்னிரண்டு வயதிருக்கும் ஒரு பெண் தனியாக நடந்து வந்தாளாம். காலில் செருப்பில்லை. கழுத்தில் கயிறு கட்டிக் கையால் செய்த ஆயுதம் ஒன்று தொங்கியது. பேச இரண்டு பக்கமும் பொதுவாக மொழி இல்லை. சாப்பாடு கொடுத்தார்கள். சாப்பிட்டாள், பாத்திரத்தைக் கழுவி வைத்தாள், சிரித்துவிட்டு நடந்து போய்விட்டாள். இருபது வருஷம் கழித்து நாயகிக்கு ஒரு பின்னணி தேவைப்பட்டபோது அந்தப் பெண்தான் நினைவுக்கு வந்தாள் என்று அவரே பலமுறை எழுதியிருக்கிறார். 1942. அமெரிக்காவில் வொண்டர் வுமனின் முதல் இதழ் வந்த அதே வருஷம்.

இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. காரணம் அந்தப் புத்தகத்தை வாங்கிப் போனவன்.

1990 ஜூனில் இலங்கையில் மறுபடி போர் மூண்டதும் மன்னார்ப் பக்கமிருந்து படகு படகாக ஆட்கள் வந்தார்கள். 1983 ஜூலைக்குப் பிறகு வந்த முதல் அலையில் மட்டும் 1.3 லட்சம் பேருக்கு மேல். இது இரண்டாவது அலை. எங்களுக்கு இரண்டு ஸ்டேஷன் தள்ளி, கும்மிடிப்பூண்டியில் ஒரு முகாம். என் பள்ளிக்கூடம் கும்மிடிப்பூண்டியில்தான். முகாமிலிருந்து வந்த ஒருவன் என் பெஞ்சில் உட்கார்ந்தான். மன்னாரில் மீன்பிடிக் குடும்பம். "நீங்கள் கதைக்கிறது விளங்குது, ஆனா கெதியாக் கதைக்கிறியள்" என்பான். அவன் பேசுவதுதான் எங்களுக்குப் பாட்டு மாதிரி இருக்கும். தெலுங்கும் தமிழும் கலந்து பேசுகிற எல்லை ஊர்ப் பையன்களான நாங்கள் அவன் தமிழைக் கிண்டல் பண்ணினோம். எங்களுக்கு என்ன யோக்கியதை இருந்தது என்று இப்போது யோசிக்கிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குக் கூட்டி வந்தேன். அத்தை சிக்கெடுத்துக்கொண்டிருந்த வலையை அவன் கேட்காமலே எடுத்து மறு பக்கத்திலிருந்து சிக்கெடுக்க ஆரம்பித்தான். அத்தைக்குப் பிடித்துவிட்டது. வழக்கமான கேள்வி வந்தது:

"உனுக்கு எந்த ஊரு தம்பி?"

அவன் உடனே பதில் சொல்லவில்லை. பிறகு "கேம்ப்" என்றான். அத்தை மேலே கேட்கவில்லை. போகும்போது ஒரு பொட்டலம் இறால் கருவாடு கட்டிக் கொடுத்தார். நான் மாடஸ்டி புத்தகத்தைக் கொடுத்தேன், இரவல்தான். ஒரு வாரத்தில் தருகிறேன் என்றான். ஒரு மாதம் ஆனது. கேட்டால் அக்கா படிக்கிறாள் என்பான். அப்புறம் முகாமில் யார் யாரோ படிக்கிறார்கள் என்றான். ஒருநாள் வகுப்பில் எல்லோர் முன்னாலும் "திருடன்" என்று சொல்லிவிட்டேன். அதற்கப்புறம் அவன் வேறு பெஞ்சுக்குப் போய்விட்டான். அடுத்த வருஷம் பள்ளிக்கே வரவில்லை. 1992 தொடக்கத்திலிருந்து 1995 வரை ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை இலங்கைக்குத் திருப்பி அனுப்பினார்கள். அவன் குடும்பம் அதில் போனதென்று பின்னால் கேள்விப்பட்டேன்.

லயன் முதல் இதழ் வந்தது 1984 ஜூலை. கொழும்பு எரிந்து சரியாக ஒரு வருஷம். அந்த ஒரு வருஷத்தில் ராமேஸ்வரம் கரையில் எத்தனையோ ஆயிரம் பேர் வந்து இறங்கியிருந்தார்கள். அதே சமயத்தில் சிவகாசியில் அச்சாகித் தமிழ்நாடு முழுக்கப் பெட்டிக்கடைகளில் தொங்கிய புது இதழின் நாயகி, அகதி முகாமில் கண்விழித்த ஒரு பெண். இதை யாரும் திட்டமிட்டிருப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை. நல்ல கதை கிடைத்தது, போட்டார்கள். என் ஆதங்கம் வேறு. இளவரசி என்று நாம் கொண்டாடுகிற அந்தப் பெண்ணின் முன்கதை அப்போது என் கையில் இருந்திருந்தால், பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்தவனைப் பார்த்து அந்த வார்த்தையைச் சொல்லியிருப்பேனா? பத்து வயதுப் பையன் சொல்லியிருப்பான் என்றுதான் தோன்றுகிறது. ஆனாலும் கேட்டுக்கொள்கிறேன்.

போதாததற்கு, முப்பது வருஷமாக அதே வார்த்தையை மாற்றி மாற்றிச் சொல்லியிருக்கிறேன். சேகரிப்பாளர்கள் மத்தியில் முதல் இதழ் என்றால் மதிப்பு அதிகம், சொல்கிறவனுக்கும் ஒரு கெத்து. ஒவ்வொரு முறை சொல்லும்போதும் அவன் என்னிடமிருந்து எடுத்துப் போனது பெரிதாகிக்கொண்டே போனது. கடைசியில் பார்த்தால், கருவாடு மடிக்க வந்த, அட்டை கிழிந்த, எந்த நம்பர் என்றே தெரியாத ஓர் இதழ். அதுவும் என் காசு இல்லை, அத்தை காசு.

லயன், முத்து இரண்டும் நடுவில் தள்ளாடி, 2012 ஜனவரியில் 'கம்பேக் ஸ்பெஷல்' இதழோடு மறுபடி எழுந்து நின்றன. மாடஸ்டியும் அவ்வப்போது வருகிறாள். புத்தகக் கண்காட்சியில் ஸ்டாலுக்குப் போனால் தொப்பை போட்ட ஆண்கள்தான் வரிசையில் நிற்கிறோம். பெண் வாசகர்கள் குறைவு. பெண்ணை முன்னால் நிறுத்தித் தொடங்கிய இதழுக்கு வாசகர் கூட்டம் பையன் கூட்டமாகவே அமைந்துபோனதை யாராவது ஒழுங்காக ஆராய வேண்டும். என் ஊகம், புத்தகம் வாங்கக் காசு பையன்கள் கையில்தான் இருந்தது. எங்கள் ஏரிப் பக்கத்திலேயே பாருங்கள். பழவேற்காட்டில் பல குப்பங்களில் 'பாடு' என்று ஒரு முறை உண்டு. ஏரியில் எந்த இடத்தில் யார் எந்த நாள் வலை கட்டுவது என்று சீட்டுக் குலுக்கி முறை வைப்பார்கள். நியாயமான ஏற்பாடு, சண்டை வராமல் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் பாடு கிடைப்பது தலைக்கட்டு கணக்கில் இருக்கும் ஆம்பளைக்கு. மீனை விற்றுக் காசாக்குகிற பெண் பெயர் அந்தக் கணக்கில் வராது.

நண்பர் வீட்டிலிருந்து திரும்பிய அடுத்த ஞாயிறு ஆரம்பாக்கம் போனேன். அத்தைக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது. ரயிலில் போவதில்லை, வாசலில் உட்கார்ந்து கருவாடு விற்கிறார். பழைய புத்தகம் ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன்.

"கத்திக்காரன் கூட வருவாளே, அவளா?"

"அவதான். ஊர் எதுன்னு கேட்டீங்க இல்ல? கண்டுபிடிச்சிட்டேன் அத்த. அவளுக்கே தெரியாதாம். கேம்ப்ல இருந்து வந்தவ. பேரே யாரோ ஒரு தாத்தா வச்சது."

அத்தை கொஞ்ச நேரம் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்.

"அந்தப் புக்க எடுத்துனு போனானே ஒரு புள்ள, வலைலாம் நல்லா பிரிப்பான். அவன் சொன்னானே."

"என்ன சொன்னான்?"

"நீ டியூஷன் போயிருந்த. புக்கு குடுக்கத்தான் வந்தான். அவங்க அக்கா இன்னும் படிக்கலைன்னு நான்தான் வச்சுக்கோடா, அப்புறம் குடுன்னு அனுப்பிட்டேன். உன்கிட்ட சொல்லலையா நான்?"

"சொல்லல அத்த."

"மறந்துருப்பேன். எவ்ளோ வேலை அப்போ" என்றார். கிலோ என்ன விலை என்று யாரோ கேட்க, தராசை எடுத்தார்.